தாலமஸுக்கும் தம்பிக்குக் கேட்கும் குரலுக்கும் என்ன சம்பந்தம்?

சின்னக்கா:
தம்பிக்கு மனச்சிதைவு நோய். ஃபேன் சத்தத்துக்குள் யாரோ திட்டுகிறார்கள் என்பான். ரிஸ்பெரிடோன் மாத்திரையில் குரல் அடங்கிவிட்டது. ஆனால் குளிக்கக்கூட நான்தான் எழுப்ப வேண்டும். பல்பொடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறான். டாக்டர் போகிற போக்கில் 'தாலமஸ்' என்றார். ஒன்று சரியானது, மற்றது ஏன் ஆகவில்லை?

நரம்புப்பித்தன்:
தாலமஸ் மூளையின் நடுவில் ஆழத்தில் இருக்கும் ஒரு பகுதி. வாசனை தவிர மற்ற புலன்களின் செய்தியெல்லாம் அதன் வழியாகத்தான் மூளைப் புறணிக்கு, அதாவது மூளையின் மேலடுக்குக்கு, போகிறது. ஸ்கேன் ஆய்வுகளில், இந்த நோய் உள்ளவர்களுக்குத் தாலமஸ் புறணியின் முன்பகுதியோடு கொள்ளும் இணைப்பு சராசரியாகக் குறைவு, புலன் பகுதிகளோடு அதிகம்.

2014இல் அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் செய்த எலி ஆய்வு எனக்குப் பிடித்தது. 22ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லாத மனிதர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இந்த வகை நோய் வருகிறது. அதே குறையுள்ள எலிகளில் தாலமஸிலிருந்து செவிப்புறணிக்கு (ஒலியைக் கையாளும் புறணிப் பகுதி) போகும் சிக்னல் பலவீனமாக இருந்தது. தாலமஸில் டி2 ஏற்பிகள் கூடுதல்; டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் வந்து ஒட்டும் இடங்கள் அவை. டி2வை அடைக்கும் மருந்து கொடுத்ததும் சிக்னல் தேறியது. ரிஸ்பெரிடோனும் டி2வை அடைப்பதுதான். எலிக்குக் குரல் கேட்டதா என்று கேட்காதீர்கள்!

நைட்_டூட்டி_நர்ஸ்:
அக்கா, மந்தத்துக்கு இந்த மருந்துகள் பெரிதாக உதவாது. சில சமயம் டோஸே மந்தமாக்கும், மனச்சோர்வும் சேர்ந்திருக்கலாம். கை நடுக்கம், விறைப்பு இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சின்னக்கா:
நடையில் விறைப்பு இருக்கிறது. சரி, கேட்கிறேன். டி2வைத் தொடாத மருந்து உண்டா?

நரம்புப்பித்தன்:
2024இல் அமெரிக்காவில் ஸனோமெலின்-ட்ரோஸ்பியம் கூட்டுமருந்துக்கு அனுமதி கிடைத்தது. டி2வை அடைக்காமல், மஸ்கரினிக் என்ற வேறு வகை ஏற்பிகளில் வேலை செய்கிறது.