உதவி: வகுப்பில பாதி டெப்பில பாடம் திறக்குது, மீதியில திறக்குதில்லை

முல்லை விஞ்ஞானம்:
வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தில, மெயின் றோட்டில இருந்து நல்லா உள்ளுக்குள்ள இருக்கிற ஒரு பள்ளிக்கூடம் எங்கட. தரம் 11 வரைக்கும் இருக்கு. நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறன். பழைய மாணவர்கள் வெளிநாட்டில இருந்து காசு சேர்த்து டெப் வாங்கித் தந்தவை, பழசும் புதுசுமா இப்ப 18 இருக்கு. தெரிஞ்ச தம்பி ஒருத்தர் லப்டொப்பில, இன்ரநெற் இல்லாமலே பாடங்களைத் திறக்கிற கோலிப்ரி எண்ட மென்பொருளைப் போட்டுத் தந்தவர்.

எங்கட பக்கம் சிக்னலை நம்பேலாது. அதால இன்ரநெற் இல்லாத ஒரு ரவுட்டரில லப்டொப்பையும் டெப்புகளையும் இணைச்சு, பிரவுசரில 192.168.1.104:8080 எண்டு அடிச்சுத் திறக்கிறம். தொடக்கத்தில எல்லாத்திலயும் திறந்தது. இப்ப சிலதில திறக்குது, சிலதில சுத்திக்கொண்டே நிக்குது. சில நாளில ஒண்டிலயும் இல்லை. 40 நிமிசப் பாடத்தில பாதி இதோடயே போயிடுது.

இரண்டாவது பிரச்சினை, திறந்த நாளிலயும் பாடம் நடக்குதில்லை. தரம் 9 இல 33 பிள்ளையள். டெப் கையில இருக்கிறவர் பாக்கிறார், பக்கத்தில இருக்கிறவர் கூரையைப் பாக்கிறார். வீடியோ முடிய என்ன விளங்கினது எண்டு கேட்டா "நல்லாயிருந்தது மிஸ்" எண்ட பதில்தான். ஆராவது வழி சொல்லுங்கோ.

ஏ9 நெற்வேர்க்:
மிஸ், முதல் பிரச்சினைக்கு மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கோ. திறக்காத டெப்புகளில் சிம் இருக்கா? ஒன்றிலும் திறக்காத நாளில் லப்டொப்பின்ர முகவரி அதே 104 தானா? வைஃபை பட்டியலில் உங்கட ரவுட்டர் ஒரு பெயரில தெரியுதா, கெஸ்ட் எண்டு இன்னொண்டும் தெரியுதா?

முல்லை விஞ்ஞானம்:
ஓம், திறக்காததுகள் எல்லாம் சிம் போட்ட பழைய டெப். லப்டொப்பில இப்ப 115 எண்டு காட்டுது, கவனிக்கவே இல்லை. கெஸ்ட் எண்டும் ஒண்டு தெரியுது. அதுக்கு பாஸ்வேர்ட் இல்லை எண்டதால சில பிள்ளையள் அதிலதான் இணைக்கிறவை.

ஏ9 நெற்வேர்க்:
மூன்றும் சேர்ந்து விளையாடியிருக்கு. டெப்பில ஒரு பிழையும் இல்லை.

ஆண்ட்ரொய்ட் வைஃபையில் இணைந்தவுடன் வெளியில இன்ரநெற் கிடைக்குதா என்று தானே சோதிச்சுப் பார்க்கும். கிடைக்காவிட்டால் அந்த வைஃபையை ஒதுக்கிவிட்டு சிம் டேட்டாவுக்கு மாறிவிடும். சிம் வழியா போய் உங்கட வகுப்பறை லப்டொப்பை எப்படிப் பிடிக்கிறது? அதுதான் சுத்திக்கொண்டு நிற்குது. மொபைல் டேட்டாவை நிறுத்துங்கோ. சிம்மையே கழற்றினா இன்னும் நல்லம். "இன்ரநெற் இல்லை, இணைப்பில் இருக்கவா" என்று கேட்டால் ஓம் கொடுத்து, இனிக் கேட்காதே என்ற கட்டத்தையும் தொடுங்கோ.

லப்டொப்பை அணைத்துப் போடும்போது ரவுட்டர் வேறு முகவரி கொடுக்கலாம். ரவுட்டர் அமைப்புக்குள்ள போய், முகவரி கொடுக்கிற டிஎச்சிபி பகுதியில் அந்த லப்டொப்புக்கு ஒரே முகவரியை ஒதுக்கி வைக்கலாம். பெயர் ரவுட்டருக்கு ரவுட்டர் கொஞ்சம் மாறும், 'ரிசர்வேசன்' என்ற சொல்லைத் தேடுங்கோ. அதுக்குப் பிறகு ஒவ்வொரு டெப்பிலும் முகவரியை முகப்புத் திரையில ஐகனாகச் சேர்த்துவிட்டால் பிள்ளைகள் எண் அடிக்கத் தேவையில்லை.

கெஸ்ட் வைஃபையை நிறுத்திவிடுங்கோ. அதில இணைந்தவர்கள் வெளியே இன்ரநெற்றுக்கு மட்டும் போகலாம், உள்ளே இருக்கிற மற்றக் கருவிகளைத் தொட முடியாத மாதிரித்தான் அது செய்யப்பட்டிருக்கு.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்றிலும் திறக்காவிட்டால் லப்டொப்பில பாருங்கோ. விண்டோஸ் அந்த வைஃபையைப் 'பப்ளிக்' என்று குறிச்சு வைத்திருந்தால் ஃபயர்வோல் வெளியிலிருந்து வருவதை மறிக்கும். 'பிரைவேட்' என்று மாற்றுங்கோ. பாட நேரத்தில லப்டொப் தூங்கப் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கோ.

இன்னொன்று. ரவுட்டர் இல்லாத நாளில் ஃபோன் ஹொட்ஸ்பொட்டை நம்ப வேண்டாம். கனக்க ஃபோன்களில பத்துக் கருவிக்கு மேல் ஏறாது.

குளக்கட்டுக் கணிதம்:
தங்கச்சி, தம்பி வயரைப் பார்த்திட்டார். நான் வகுப்பைப் பார்க்கிறன். ஓய்வுபெறக் கிட்டவான ஆள், டெப்புக்கு ஆதரவாளன் எண்டு சொல்லேலாது. ஆனா சில இடத்தில அதை விட்டா வேற வழியில்லை எண்டும் கண்டிருக்கிறன்.

18 ஐயும் வெளியில எடுக்காதையுங்கோ. 33 பிள்ளைக்கு மூண்டு பேருக்கு ஒண்டு, 11 போதும். மிச்ச ஏழும் சார்ஜில கிடக்கட்டும், ஒண்டு செத்தா உடனே மாத்தலாம். மூண்டு பேரில ஒருத்தர் கை வைக்கிறவர், ஒருத்தர் என்ன செய்யவேணும் எண்டு வாயால சொல்லுறவர், மற்றவர் கொப்பியில எழுதுறவர். கை வைக்கிறவர் தன்ர எண்ணத்துக்கு ஒண்டும் செய்யக்கூடாது, சொல்லுறதை மட்டும் செய்யவேணும். பத்து நிமிசத்துக்கு ஒருக்கா இடம் மாறவேணும். இதில ஒரு இரகசியம் இருக்கு: வாயால சொல்லோணும் எண்டா விளங்கியிருக்கோணும்.

வீடியோவை விடுங்கோ. வீடியோ காட்ட ஒரு புரொஜெக்டர் காணும், அதுக்கு 18 டெப் எதுக்கு? திரையிலயே பரிசோதனை செய்து பார்க்கிற, கொலராடோ பல்கலைக்கழகத்தின்ர ஃபெட் சிமுலேசன்கள் கோலிப்ரிக்குள்ளேயே இருக்கு, தனிக் கோப்பாயும் இறக்கி வைக்கலாம், இன்ரநெற் தேவையில்லை. பலதுக்குத் தமிழ்ப் பதிப்பும் இருக்கு. மின்சுற்று எடுங்கோ. டெப்பைத் திறக்க முதல் கொப்பியில ஒரு கேள்வி: ஒரே மாதிரி இரண்டு பல்பு, தொடராயும் சமாந்தரமாயும். எதில பிரகாசம் கூட? ஒரு பல்பைக் கழட்டினா மற்றது என்ன ஆகும்? எழுதி, கீழ கையெழுத்தும் வைக்கச் சொல்லுங்கோ. பிறகு திறந்து செய்து பார்க்கட்டும். தான் எழுதினது பிழைச்சுப்போன பிள்ளை சும்மா இருக்காது, ஏன் எண்டு கேட்கும். அந்தக் கேள்வி வாறதுக்குத்தான் இவ்வளவும்.

அதுக்காக உண்மையான பல்பும் பற்றறியும் கையில இருக்கேக்க டெப்பை எடுக்கவேண்டாம். சிமுலேசனில வயர் தானாக் கழராது, பற்றறி கையைச் சுடாது. பிள்ளை அதையும் அறியவேணும்.

கணிதத்துக்கு நான் ஜியோஜீப்ரா எண்ட வரைபு மென்பொருளில செய்யிறது, மாரி காலத்தில இரணைமடுக் குளத்தின்ர நீர்மட்டம். செய்தியில வாற அடிக்கணக்கைப் பிள்ளையள் எழுதிக்கொண்டு வருவினம், வரைபாப் போடுவம். குளம் நிரம்பிற 36 அடிக்கு எந்த நாள் முட்டும் எண்டு கோட்டை நீட்டிப் பார்க்கிறது. ஒருநாள் மழை கொட்டினா கோடு எங்கயோ போயிடும், அப்பதான் சாய்வுவிகிதம் எண்டா என்ன எண்டு வகுப்புக்கு விளங்கும். தகப்பன் வயல் செய்யிற பிள்ளை அண்டைக்கு முன்வாங்கில.

வவுனியா ஆரம்பப்பிரிவு:
சேர் சொன்னதோட சின்ன வகுப்புக்கும் ஒண்டு சேர்க்கிறன். தரம் 3 இல எனக்கு ஒரே ஒரு டெப். பிள்ளை ஒரு பந்தி வாசிக்கிறதை ஒலிப்பதிவு செய்து, தானே கேட்டு, திருப்பி வாசிக்கிறது. திக்கின இடம் எது எண்டு நான் சொல்லவேண்டியதே இல்லை. கதை வேணுமெண்டா ஸ்டோரிவீவர் எண்ட இணையத்தளத்தில தமிழ்க் கதைகள் இலவசமா இறக்கலாம். பாடப்புத்தகங்களின்ர பிடிஎஃப் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின்ர தளத்தில இருக்கு. சிக்னல் உள்ள இடத்தில ஒருக்கா இறக்கி எல்லா டெப்புக்கும் பகிர்ந்துவிடுங்கோ. புத்தகம் மறந்து வாற பிள்ளைக்கு உதவும்.

பழைய மாணவன், லண்டன்:
வாசிக்கச் சந்தோசம். எங்கட சங்கத்தால இன்னும் 20 டெப் அனுப்ப யோசிக்கிறம். எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கலாம்?

குளக்கட்டுக் கணிதம்:
தம்பி, கோவிக்காதையும். டெப் வேண்டாம். பத்துத் துளை உள்ள நல்ல சார்ஜர் இரண்டு, மேலதிக கேபிள், விழுந்தாலும் உடையாத ரப்பர் உறை, ஒரு நல்ல ரவுட்டர், இவ்வளவும் அனுப்பும். உங்கட கொடுப்பனவு விழாப் படத்தில அழகா வராது, ஆனா அலுமாரிக்குள்ள செத்துக் கிடக்கிறதுகள் எழும்பும்.

ஏ9 நெற்வேர்க்:
டெப்தான் அனுப்புவம் என்றால் எல்லாம் ஒரே மொடலாக இருக்கட்டும். அதோட முக்கியமானது: சோதித்துப் பார்க்க உங்கட கூகுள் கணக்கைப் போட்டிருந்தால், பெட்டியில அடைக்க முதல் அமைப்புக்குள்ள போய்க் கணக்கை நீக்கி, அதுக்குப் பிறகு ரீசெட் செய்யுங்கோ. கணக்கை நீக்காமல் பொத்தானை அழுத்தி ரீசெட் செய்தால் திரும்பத் திறக்கும்போது பழைய கணக்கைக் கேட்டுப் பூட்டி நிற்கும். களவு போன கருவிக்காக வைச்ச பூட்டு அது.

முல்லை விஞ்ஞானம்:
ஐயோ, எங்கட அலுமாரியில அப்பிடி இரண்டு கிடக்கு! மாற்றலாகிப் போன ஆசிரியரின்ர கணக்கைக் கேட்குது.

ஏ9 நெற்வேர்க்:
அவருக்கு ஒரு ஃபோன் எடுங்கோ. அவரே தன்ர கடவுச்சொல்லைப் போட்டால் திறந்துவிடும், பிறகு கணக்கை நீக்கலாம். முடியாவிட்டால் வாங்கின பற்றுச்சீட்டோட கொம்பனியின் சேவை நிலையத்துக்குக் கொண்டுபோங்கோ. இனிமேல் பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு கணக்கு, கடவுச்சொல் அதிபரின்ர கோவையில.

துணுக்காய் வயரிங்:
சார்ஜ் பற்றி ஒருத்தரும் பேசேல்லை. கரண்ட் பில் கூடும் எண்டு அதிபர்மார் பயப்பிடுவினம். கணக்குப் பாருங்கோ. 5000 மில்லியம்பியர் மணி பற்றறி எண்டா சுமார் 18.5 வாற்று மணி. 18 டெப்பும் வெறுமையில இருந்து நிரம்ப, வீண்போறதையும் சேர்த்து, கிட்டத்தட்ட அரை யூனிற். ஒரு டெப் 10 வாற்று இழுத்தாலும் எல்லாம் சேர்ந்து 180 வாற்று, ஒரு அயன்பொக்ஸ் இதைவிடப் பல மடங்கு இழுக்கும். சுமை ஆபத்தில்லை. ஆபத்து, மல்ரி புளக்குக்கு மேல மல்ரி புளக் சொருகி, லூசான துளையில சூடேறுறது. சுவரில இருந்து ஒரு நல்ல எக்ஸ்டென்சன், அவ்வளவுதான். ஐப்பசி கார்த்திகையில பின்னேர இடி தொடங்கினா புளக்கைக் கழட்டிவிடுங்கோ, சுவிட்சை மட்டும் நிப்பாட்டினாக் காணாது.

முல்லை விஞ்ஞானம்:
எல்லாருக்கும் நன்றி. சிம் கழட்டி, கெஸ்ட் நிறுத்தி, முகவரியும் ஒதுக்கியாச்சு. இப்ப 11 டெப்பும் பிள்ளையள் இருந்து முடிக்க முதலே திறந்திடுது. பல்புக் கேள்வியில வகுப்பில அரைவாசிப் பேர் தொடர்ச் சுற்றுக்குத்தான் பிரகாசம் கூட எண்டு எழுதினவை, பிறகு நடந்த சண்டையில பக்கத்து வகுப்பு மிஸ் வந்து எட்டிப் பார்த்தவ. வாயால சொல்லுற முறை நல்லா ஓடுது, ஆனா பத்து நிமிசத்தில மாறுறது எங்களுக்குச் சரிவரேல்லை, மணி அடிக்கிறதுக்குள்ள ஒரு மாற்றம்தான் ஏலுது.

கடைசியா ஒண்டு. ஒரு டெப்பின்ர பின்மூடி உப்பி நிக்குது, திரை ஓரத்தால வெளிச்சம் தெரியுது. வேலை செய்யுது. பாவிக்கலாமோ? மார்கழி விடுமுறைக்கு மற்றதுகளை எப்பிடி வைக்கிறது?

துணுக்காய் வயரிங்:
உப்பினதை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. பற்றறிக்குள்ள வாயு சேர்ந்து நிக்குது. சார்ஜில போடவேண்டாம், மூடியை அமத்தவேண்டாம், குத்தவேண்டாம், குப்பையோட எரிக்கவே கூடாது. பிள்ளையள் தொடாத இடத்தில, எரியிற சாமான் பக்கத்தில இல்லாமல் வைச்சு, பற்றறி மாத்திற கடைக்குக் குடுங்கோ. மற்றதுகளை அரைவாசிச் சார்ஜில நிப்பாட்டி முழுசா அணைச்சு வையுங்கோ. நூறிலும் வேண்டாம், பூச்சியத்திலும் வேண்டாம். வைக்கிற அலுமாரி தகரக் கூரைக்குக் கீழ இருக்கிற மேல்தட்டா இருக்கக்கூடாது. அந்தச் சூடுதான் ஒண்டை உப்ப வைச்சிருக்கும்.