புதுப்பிப்பு: பாரூர் ஏரிக்கரை மறைவில் ஒரு நாள்

"படமெடுக்கப் பக்கத்தில் போனாலே பறவை பறந்துவிடுகிறது, என்ன செய்ய?" என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். மறைவு, அதாவது பறவைக்குத் தெரியாமல் ஒளிந்திருக்க ஒரு சின்னக் குடில், கட்டி உட்காரச் சொன்னீர்கள். ஞாயிற்றுக்கிழமை பாரூர் பெரிய ஏரிக்கரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

நாலு மூங்கில் கழி, பச்சை நிழல்வலை, மேலே கேழ்வரகுத் தாள். அவ்வளவுதான். விடியுமுன் மச்சானும் நானும் சேர்ந்து உள்ளே போனோம். அப்புறம் அவர் மட்டும் வெளியே வந்து கரையோடு நடந்து போய்விட்டார். ஆள் போய்விட்டது என்று பறவை ஏமாறும் என நீங்கள் சொன்னது பலித்தது. கால் மணி நேரத்தில் புள்ளிமூக்கு வாத்துகள் திரும்பிவிட்டன.

கருப்பு வெள்ளை மீன்கொத்திதான் பாடாய்ப் படுத்தியது. அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கிறது, அலகு நேராகக் கீழே. சரி, இப்போது என்று அழுத்தினால் படத்தில் தண்ணீர்த் தெறிப்பு மட்டும். ஷட்டரை (கேமராவுக்குள் ஒளி விழும் நேரம்) 1/2000 நொடிக்கு மாற்றிய பிறகு 3 படம் தேறியது. ஒன்றில் மீன் வால் அலகுக்கு வெளியே வளைந்து நிற்கிறது.

ஒரு தப்பு: கிழக்கு பார்த்துக் கட்டிவிட்டேன். வெயில் எதிரே இருந்ததால் 9 மணி வரை எல்லாம் வெறும் கருப்பு நிழலுருதான். சிறகு காயவைத்த நீர்க்காகம் மட்டும் அதிலும் அழகு. பறவைக் கூட்டுக்குப் பக்கத்தில் மறைவு கட்டாதே என்று இங்கே சொன்னவருக்கு: சுற்றிப் பார்த்தேன், கூடு எதுவும் இல்லை.