சொட்டு மருந்தை நிறுத்தினால் மூக்கடைப்பு திரும்புகிறதே?

கேள்வி:
சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்து 3 வாரமாக ஓடுகிறது. சொட்டு விட்டதும் மூக்கு திறக்கிறது, சில மணி நேரத்தில் முன்னைவிட இறுக அடைக்கிறது. சளியில்லை, காய்ச்சலில்லை. டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு ஸ்பிரே 3 நாளாகியும் கேட்கவில்லை, தொண்டையில்தான் கசக்கிறது. உப்புத் தண்ணீரில் கழுவலாமா?

பதில் 1:
நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சைனஸைவிட, சொட்டு மருந்தே உண்டாக்கிய அடைப்பு போலத்தான் தெரிகிறது. மூக்கின் உட்சுவர் மடிப்புகளில் உள்ள ரத்தக்குழாய்களை மருந்து சுருக்குகிறது. அதன் வேகம் இறங்கியதும் அவை இன்னும் புடைத்துக்கொள்கின்றன. 5 நாளுக்கு மேல் வேண்டாம் என்பது இதனால்தான். முதலில் ஒரு துவாரத்தில் மட்டும் நிறுத்துங்கள், ராத்திரி மற்றதில் மூச்சு வரும். நிறுத்திய பக்கம் திறந்ததும் அடுத்ததிலும் நிறுத்துங்கள். முதல் சில நாள் கஷ்டம்தான், அதில் தளர்ந்து மறுபடி சொட்டு விடுபவர்களே அதிகம். ஸ்டீராய்டு ஸ்பிரேயை இரு பக்கமும் தினமும் தொடருங்கள். முழுப் பலன் தெரிய 2 வாரம்கூட ஆகும்.

பதில் 2:
கசக்கிறதென்றால் மருந்து தொண்டைக்குப் போய்விடுகிறது. தலையை அண்ணாந்து வைக்காமல் லேசாகக் குனியுங்கள். வலது துவாரத்துக்கு இடது கை, இடதுக்கு வலது கை. நுனி அந்தப் பக்கத்துக் காதை நோக்கி இருக்கட்டும். நடுத்தண்டின் மேல் அடித்தால் அங்கே புண்ணாகி ரத்தம் கசியும். அழுத்தும்போது மெல்ல மூச்சிழுத்தால் போதும், உறிஞ்சவே வேண்டாம்.

பதில் 3:
தாராளமாகக் கழுவலாம், ஆனால் குழாய்த் தண்ணீரை அப்படியே எடுக்காதீர்கள். அரிதாக அதிலுள்ள அமீபா மூக்கு வழியே மூளைக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து. 5 நிமிடம் கொதித்து ஆறிய தண்ணீர் 250 மில்லி, அயோடின் சேராத உப்பு அரை டீஸ்பூன், சமையல் சோடா ஒரு சிட்டிகை. எரிந்தால் உப்பைக் குறையுங்கள், வெறும் தண்ணீரும் எரியும். தொட்டியின் மேல் குனிந்து, வாயால் மூச்சுவிட்டபடி ஊற்றுங்கள். பிறகு இரண்டு துவாரத்தையும் திறந்தபடியே மெதுவாகச் சிந்துங்கள். மூடிக்கொண்டு சிந்தினால் காதுக்குள் அழுத்தம் ஏறும். ஸ்பிரே 10 நிமிடம் கழித்து. மூக்கு கழுவும் பாட்டிலைத் தினமும் கழுவி உலர்த்துங்கள்.

பதில் 1:
ஒன்று விட்டுப்போயிற்று. ஒரே பக்கம் மட்டும் அடைத்து ரத்தம் வந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிவது, காய்ச்சலோடு கடும் தலைவலி என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.