இல்லாத ஊருக்கு வெளிச்சம் எங்கிருந்து? வாட்டர்கலரில் கற்பனை ஓவியம் வரைந்த அனுபவங்கள்

போன வாரம் ஒரு டிராகன் ஓவியத்தை முடித்துப் பலகையிலிருந்து வெட்டியெடுத்தேன். மொத்தம் ஏழு வாரம் ஆனது. அதில் பிரஷ் தாளைத் தொட்டது நான்கே நாள். மீதி முழுக்கப் பென்சில், சோதனைத் தாள்கள், காத்திருப்பு. இதே படத்தை முன்பு ஒரு முறை ஆரம்பித்துப் பாதியில் விட்டிருந்தேன். அப்போது எங்கே இடறியது, இந்த முறை எப்படித் தாண்டினேன் என்று எழுதத் தோன்றியது. உங்கள் படங்களில் நடந்ததையும் சொல்லுங்கள்.

காட்சி இதுதான். இரவு. மலை இடுக்கில் ஒரு பெரிய டிராகன் சுருண்டு தூங்குகிறது. அதன் மூக்குக்கு நேர் எதிரே ஒரு சிறுமி கையில் லாந்தரோடு நிற்கிறாள்.

முதல் முறை நான் செதில்களிலிருந்து தொடங்கினேன். மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வரைந்தேன். பென்சில் வேலை நன்றாகவே வந்திருந்தது. பிறகு வானத்துக்கு நீலம், மலைக்கு நீலம், டிராகனுக்கு நீலப்பச்சை என்று பூசி, எல்லாம் காய்ந்ததும் லாந்தரைச் சுற்றி ஆரஞ்சு வைத்தேன். வெளிச்சம் வரவில்லை, பழுப்புக் கறைதான் வந்தது. வாட்டர்கலர் நிறக் கண்ணாடி மாதிரி. அடியில் இருக்கும் நீலம் ஆரஞ்சின் வழியாகத் தெரியும். இரண்டும் எதிர் நிறங்கள் என்பதால் ஒன்றையொன்று அணைத்துவிடும். இங்கே வெளிச்சம் என்பதே தாளின் வெள்ளைதான். அதை மூடிவிட்டால் அப்புறம் மீட்பது கடினம்.

அன்றுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஒரு குளத்தையோ தெருவையோ பார்த்து வரைகிறவருக்கு வெளிச்சத்தைச் சூரியனே முடிவு செய்து கொடுத்துவிடுகிறது. நாம் வரைவது எங்குமே இல்லாத இடம். அங்கே நிலா எந்தப் பக்கம், எந்த விளக்கு எரிகிறது, எது இருட்டில் கிடக்கிறது என்று நாம் சொன்னால்தான் உண்டு. அதை முடிவு செய்யாமல் நான் செதிலுக்குப் போய்விட்டேன்.

இரண்டாம் முறை தீப்பெட்டி அளவில் பன்னிரண்டு சின்னப் படங்கள் போட்டேன். கோடே கிடையாது. தாளின் வெள்ளை, நடுச் சாம்பல், கறுப்பு என்று மூன்றே அழுத்தங்கள். ஒன்பதாவதில்தான் படம் பிடிபட்டது: டிராகனின் உடம்பு கிட்டத்தட்ட முழுவதும் ஒரே இருட்டு, மூக்கு நுனியும் ஒரு கண்ணிமையும் மட்டும் லாந்தர் வெளிச்சத்தில், முதுகு விளிம்பில் மெல்லிய நிலாக்கோடு. அவ்வளவு சின்னதாக இருக்கும்போதே அது டிராகன் என்று தெரிந்தது. அங்கேயே தெரியாத படம் பெரிதாக்கினாலும் தெரியாது என்று நான் நம்புகிறேன்.

அப்புறம் உடற்கூறு. இறக்கைக்காக வௌவால் படங்களைப் பார்த்து ஒரு வாரம் வரைந்தேன். வௌவாலின் இறக்கை ஒரு கை. கட்டைவிரல் குட்டையாக நகத்தோடு வெளியே நிற்கும், மற்ற நான்கு விரல்களும் நீண்டு குடைக்கம்பி போலத் தோலைத் தாங்கும். அழிந்துபோன டெரோசார்களில் அப்படி இல்லை, நீண்டுபோன ஒரே ஒரு விரல்தான், நான்காவது, சவ்வைத் தாங்கியது. எது வேண்டும் என்று நீங்களே தேர்ந்துகொள்ளலாம். ஆனால் ஒன்றைத் தேர்ந்து, மடக்கினால் அந்த எலும்பு எங்கே போகும் என்று வரைந்து பாருங்கள். என் டிராகன் தூங்குவதால் மடிந்த இறக்கைதான் எனக்குத் தேவைப்பட்டது. அதைப் புரிந்துகொள்ள மட்டும் பதினைந்து தாள் செலவானது.

ஸ்கெட்ச் முழுவதையும் சாதாரணத் தாளில் முடித்தேன். பருத்தித் தாளில் நேரடியாக வரைந்து அழித்து வரைந்தால், ரப்பர் மேற்பரப்பைக் கீறிவிடும். தாள் நிறத்தை உடனே உறிஞ்சாமல் தடுக்க ஜெலட்டின் மாதிரி ஒரு பசை சேர்த்திருப்பார்கள். அது தேய்ந்த இடம் வண்ணத்தைத் திட்டுத் திட்டாகக் குடிக்கும். அதனால் ஸ்கெட்சின் பின்பக்கம் மென்மையான பென்சிலைத் தேய்த்து, நல்ல தாளின் மேல் வைத்து, கோட்டின் மேல் கோடு ஓட்டிப் படியெடுத்தேன். கோடு மெலிதாக இருக்க வேண்டும். வண்ணம் மேலே காய்ந்துவிட்டால் பென்சில் அநேகமாக அழியாது. தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), கோல்ட் பிரஸ்டு, அதாவது லேசான சொரசொரப்புள்ளது. நிறையத் தண்ணீர் விடப்போகிறேன் என்பதால் நனைத்துப் பசை நாடாவால் பலகையில் ஒட்டி, ஒரு இரவு கிடையாகக் காயவிட்டேன். மறுநாள் அது பறைத்தோல் போல விறைத்திருந்தது.

சரி, வண்ணம். லாந்தர் கண்ணாடிக்கும் நாலைந்து நட்சத்திரத்துக்கும் மாஸ்கிங் ஃப்ளூயிட் (வண்ணம் படாமல் மறைத்து, பிறகு உரித்தெடுக்கும் ரப்பர் திரவம்) வைத்தேன். பிறகு முதலில் பூசியது மஞ்சள். இருட்டுப் படத்துக்கு மஞ்சளில் ஆரம்பிக்கக் கை தயங்கியது. ஆனால் ஒளிவட்டம் நீலத்துக்கு முன்பே தாளில் இருந்தாக வேண்டும். தாளை நனைத்து நடுவில் மஞ்சள் வைத்து, ஓரம் தானாகக் கரையும்படி விட்டேன். மஞ்சளும் நீலமும் நேராகத் தொட்டால் பச்சை வந்துவிடும், லாந்தரைச் சுற்றிப் பாசி படிந்த மாதிரி. அதனால் நடுவே படி கட்டினேன்: மஞ்சள், ஆரஞ்சு, ரோஜா, ஊதா, அதற்கப்புறம் நீலம். இதைத் தனித் தாள்களில் ஆறு முறை ஒத்திகை பார்த்தேன். இந்தப் படத்தில் நான் கற்றவற்றில் மிகப் பெரியது இந்த ஐந்து படிதான்.

வானத்தில் ஒரு விபத்து. தாளின் ஈரப் பளபளப்பு போய்விட்டது, ஆனால் புறங்கையால் தொட்டால் இன்னும் சில்லென்று இருந்தது. அந்த நேரத்தில் தாளைவிட ஈரமான பிரஷ் பட்டால் தண்ணீர் நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய்க் காலிஃபிளவர் மாதிரி விளிம்பு கட்டும். அப்படியே ஆனது, சரியாக டிராகனின் மூக்குக்கு மேலே. துடைக்கப் போன கையை நிறுத்தினேன். அது மூச்சுக்காற்றின் ஆவி போல இருந்தது. பக்கத்தில் வேண்டுமென்றே இன்னும் இரண்டு சொட்டு விட்டேன்.

டிராகன் உடம்புக்கு அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்த இருட்டு. குழாயிலிருந்து வரும் கறுப்பைவிட எனக்கு இது பிடிக்கும், ஒரு பக்கம் நீலமாகவும் ஒரு பக்கம் செம்மையாகவும் சாய்த்துக்கொள்ளலாம். மூன்று அடுக்கு. ஒவ்வொன்றும் முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்தது, அதுவும் ஒரே இழுப்பில், தேய்க்காமல். செதில்களை வெளிச்சமும் நிழலும் சந்திக்கிற இடத்தில் மட்டும் வரைந்தேன், மொத்தம் நாற்பது கூட இருக்காது. மற்றவற்றைப் பார்ப்பவர் கண்ணே வரைந்துகொள்கிறது. முதுகின் நிலாக்கோட்டை ஈரப் பிரஷால் நிறத்தை எழுப்பி டிஷ்யூவில் ஒற்றியெடுத்தேன். அந்த இடத்தில் தாலோ புளூ என்ற நீலத்தைப் போட்டிருந்தால் இது நடந்திருக்காது, அது தாளில் கறையாகப் பிடித்துக்கொள்ளும். கடைசியில் வெள்ளை கௌவாஷில் (அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டி வண்ணம்) நான்கு புள்ளி: லாந்தர் பொறி மூன்று, சிறுமியின் கண்ணில் ஒன்று.

* * *

அக்கா, அந்த ஐந்து படியை நான் இன்றே முயன்று பார்க்கப் போகிறேன். என் அனுபவம் மையைப் பற்றியது.

முகம் முளைத்த ஒரு பழைய மரம் வரைந்தேன். வேர், பட்டைச் சுருக்கம், கிளையில் தொங்கும் குட்டிப் பிராணிகள் எல்லாம் பேனாவில். முதல் வாஷ் (தண்ணீர் கலந்த மெல்லிய வண்ணப் பூச்சு) பூசியதும் மொத்தக் கோடும் கரைந்து சாம்பல் நிறமாக ஓடியது. இரண்டு வார வேலை. மை தண்ணீர் தாங்குமா என்று ஒரு துண்டுத் தாளில் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். இப்போது புது மை எது வாங்கினாலும் கோடு போட்டு, ஒரு நாள் காயவிட்டு, ஈரப் பிரஷால் நன்றாகத் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் படத்துக்குப் போகிறேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆங்கிலேயப் புத்தக ஓவியர் ஆர்தர் ராக்கம் (1867–1939) வரைந்த படங்களை உட்கார்ந்து கவனித்தேன். பேனாக் கோட்டின் மேல் மெல்லிய வண்ண வாஷ்களை அடுக்கடுக்காகப் பூசுவது அவர் முறை. பல படங்களில் நிறம் அடங்கித்தான் இருக்கும், பழுப்பும் சாம்பலுமாக. மரத்தின் முரட்டுத்தனம் முழுக்கக் கோட்டில் இருக்கிறது, காற்றும் பனியும் வாஷில் இருக்கின்றன. நான் இரண்டையும் நிறத்திடமே கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த மரத்தைத் தண்ணீர் தாங்கும் பழுப்பு மையில் வரைந்தேன். கறுப்பைவிடப் பழுப்புக் கோடு வண்ணத்தோடு நன்றாக ஒட்டுகிறது, நிழல் பகுதியில் தானாகவே மறைந்தும் கொடுக்கிறது.

* * *

நான் சொல்ல வேண்டியது கொஞ்சம் வருத்தமான கதை. தோழி ஒருத்திக்குத் திருமணப் பரிசாக ஒரு கடற்கன்னி வரைந்து கொடுத்தேன். வால் முழுக்கக் கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு. அவள் ஆசையாக ஜன்னல் எதிரே மாட்டினாள். ஒன்றரை வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது கடல் அப்படியே இருந்தது, வால் சாம்பல் பூத்திருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு வண்ணக் குழாயின் பெயரை விட்டுவிட்டு அதன் மேல் இருக்கும் நிறமிக் குறியீட்டைப் படிக்கப் பழகினேன். அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பில் பிஆர்83 என்ற குறியீடு இருந்தால் அது வெளிச்சத்தில் மங்கும். ஓபரா என்ற பெயரில் வரும் ஒளிரும் இளஞ்சிவப்பும் அப்படித்தான். கற்பனை ஓவியம் வரைகிற நமக்கு இந்த மாதிரி மினுமினுக்கும் நிறங்கள் மேல்தான் ஆசை அதிகம், அதனால் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இப்போது பிவி19 உள்ள குவினாக்ரிடோன் ரோஸ் பயன்படுத்துகிறேன். அந்தப் பளீர் இல்லை, ஆனால் நிற்கிறது. ஒவ்வொரு நிறத்தையும் ஒரு தாள் பட்டையில் பூசி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஆறு மாதம் கழித்து அட்டையைத் தூக்கினால் எது நிற்கும் எது போகும் என்று தெளிவாகத் தெரிகிறது. தோழிக்கு வேறொரு கடற்கன்னி வரைந்துகொண்டிருக்கிறேன்.

* * *

மிதக்கும் தீவு வரைந்தவர் யாராவது இருக்கிறீர்களா? எனக்கு அது மூன்று முறை குன்றாகவே வந்தது. அடிப்பாறை, தொங்கும் வேர், விழும் அருவி எல்லாம் இருந்தும் தரையோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

நான்காவது முறை கீழே ஒரு ஏரி வைத்து, தீவின் நிழலை ஏரியின் மேல் தனியாக விழவிட்டேன். தீவுக்கும் நிழலுக்கும் நடுவே ஒரு விரல் அகலம் வெளிச்சமான காற்று. உடனே எழும்பிவிட்டது. தூரத்துத் தீவுகளை வெளிறிய நீலமாக, விளிம்பு மங்கலாக வைத்தேன். அடிப்பாறைக்கு அல்ட்ராமரினைக் கெட்டியாகக் கலந்து ஈரத்தில் விட்டுப் பலகையைச் சாய்த்தேன். அதன் துகள்கள் தாளின் குழிகளில் போய்த் தங்கி, பாறையின் சொரசொரப்பை அதுவே கொடுத்தது. நான் ஒரு கோடு போடவில்லை. இது சொரசொரப்பான தாளில்தான் நன்றாக வரும், வழுவழுப்பான ஹாட் பிரஸ்டு தாளில் அந்த அளவுக்கு வரவில்லை.

இன்னொன்று. மாஸ்கிங் ஃப்ளூயிடை ஹேர் டிரையரால் சூடாக்காதீர்கள். எனக்கு அருவி மொத்தமும் தாளின் தோலோடு உரிந்து வந்தது.

* * *

ஆமாம், அந்தச் சூடு எனக்கும் ஒரு முறை நடந்தது. ஃப்ளூயிட் வைப்பதற்கு முன் பழைய பிரஷைச் சோப்பில் தோய்த்துக்கொள்வதும் உதவும், ரப்பர் மயிரில் ஒட்டாது.

கடற்கன்னி பற்றி எழுதியவருக்கு: படித்ததும் என் வண்ணக் குழாய்களை எல்லாம் திருப்பிப் பார்த்தேன். டிராகன் படத்தின் ஒளிவட்டத்தில் நான் போட்ட ரோஜா நிறம் பிவி19தான், மனம் ஆறியது. ஆனால் முன்பு பாதியில் விட்ட முதல் டிராகன் படத்தில் இருப்பது பிஆர்83. அதை இன்றே நறுக்கிப் பாதியை ஜன்னலில் ஒட்டிவிட்டேன், மீதிப் பாதி அலமாரிக்குள் இருக்கிறது.

நிழலை விலக்கி வைத்தால் தீவு எழும்பும் என்பது என் அடுத்த படத்துக்கு வேண்டியதே. மேகத்துக்கு மேல் நீந்தும் ஒரு திமிங்கிலம் வரைய ஆசை. இதுவரை தீப்பெட்டி அளவில் ஏழு போட்டுவிட்டேன். அடியில் மேகம் வெள்ளையாக இருக்கும்போது வயிற்றுப் பக்கம் எவ்வளவு வெளிச்சம் திரும்பி அடிக்கும் என்பதில் சிக்கி நிற்கிறேன். யாராவது வரைந்திருந்தால் சொல்லுங்கள்.