மறு: பாஸே சேம்ப்ல் – 'எளிய இறந்தகாலம்' சரிவருமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

நம் பிரெஞ்சு இலக்கணக் கையேட்டுக்காக, பாஸே சேம்ப்ல் என்ற இறந்தகால வடிவத்துக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இழை நீண்டுவிட்டதால் எல்லா மடல்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

> சேம்ப்ல் என்றால் எளிது. 'எளிய இறந்தகாலம்' என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே, எதற்கு இவ்வளவு இழுவை?

போகலாம்தான் ஐயா. ஆனால் கையேட்டில் அந்தத் தலைப்பைப் பார்க்கும் மாணவர் என்ன நினைப்பார்? இருக்கிற இறந்தகாலங்களில் இதுதான் சுலபம் போல என்று ஆறு வடிவங்களையும் உருப்போட்டுக்கொண்டு போய், பாரிஸில் ஒரு ரொட்டிக் கடையில் 'நேற்றும் இங்கேதான் வாங்கினேன்' என்பதை அதில் சொல்லிவைப்பார். இலக்கணப்படி குற்றமில்லை, கடைக்காரர்தான் ஒரு நொடி விழிப்பார். இன்றைய பேச்சில் அந்த வடிவம் இல்லை. வாயில் வருவது துணைவினையோடு சேர்ந்த பாஸே கோம்போஸே. பாஸே சேம்ப்ல் இன்று நாவலிலும் வரலாற்று நூலிலும் சிறுவர் கதையிலும்தான் வாழ்கிறது. பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கே இது சுலபமில்லை. 2016இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம் கீழ்வகுப்புகளில் இதன் படர்க்கை ஒருமை, பன்மை இரண்டையும் மட்டும் படித்தால் போதும் என்றது. அதற்கு அங்கே எழுந்த முணுமுணுப்பு வேறு கதை.

நம்மூர் ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகங்களைப் பின்பற்றி 'சாதாரண இறந்தகாலம்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது இன்னும் மோசம். பிரெஞ்சின் இறந்தகாலங்களில் அன்றாடப் புழக்கத்துக்கு மிகத் தூரமாக நிற்பவற்றில் ஒன்றை எப்படிச் சாதாரணம் என்பது?

> பழைய பிரெஞ்சு இலக்கணங்களில் 'பாஸே தேஃபினி' என்றே இருக்கிறது. 'வரையறுத்த இறந்தகாலம்' நல்ல தமிழாகவும் இருக்கிறது.

தமிழ் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரின் வரலாற்றைப் பாருங்கள். 1660இல் வந்த போர்-ருவாயால் இலக்கணம் 'வரையறுத்தது' என்று சொன்னது துணைவினையோடு வரும் வடிவத்தை. நாம் பேசிக்கொண்டிருக்கும் வடிவத்துக்கு அது வைத்த பெயர் 'வரையறாதது'. பேசும் நேரத்துக்குக் குறைந்தது ஒரு நாளாவது முந்தி நடந்ததற்கே இது பொருந்தும் என்று ஒரு விதியும் சொன்னது. பின்னால் வந்த இலக்கணக்காரர்கள் இரண்டு பெயர்களையும் அப்படியே இடம் மாற்றிவிட்டார்கள். எதற்கு எது என்று பிரெஞ்சுக்காரர்களே மாற்றி மாற்றிச் சொன்ன பெயர் நமக்கு எதற்கு?

> எழுத்தில் மட்டும் வருவதால் 'எழுத்துவழக்கு இறந்தகாலம்'. எழுத்து வழக்கு, பேச்சு வழக்கு என்ற பிரிவு நம்மவர்க்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

முதலில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். புதுவை நண்பர் வகுப்பு எடுத்த அனுபவத்தில் சொல்கிறார் என்பதும் தெரிகிறது. ஆனால் அந்தப் பிரிவு நமக்கு நன்றாகத் தெரிந்திருப்பதுதான் இங்கே தொல்லை. 'வந்தாங்க' என்று பேசுகிறோம், 'வந்தார்கள்' என்று எழுதுகிறோம். இரண்டும் ஒரே வடிவத்தின் இரண்டு உடைகள். பாஸே சேம்ப்லும் பாஸே கோம்போஸேயும் அப்படியல்ல. பிரெஞ்சில் அம்மாவுக்குக் கடிதம் எழுதினாலும் பாஸே கோம்போஸேதான் எழுதுவார்கள். நாவலின் ஒரே பக்கத்தில் கதைசொல்லி பாஸே சேம்ப்லில் நடத்திக்கொண்டு போவார். பாத்திரம் வாய் திறந்ததும் பாஸே கோம்போஸே வரும். இரண்டும் அச்சில்தான் இருக்கின்றன. எழுத்தா பேச்சா என்பதைவிட, சொல்பவரின் 'இப்போது' அந்த வாக்கியத்துக்குள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மொழியியலாளர் எமில் பென்வெனிஸ்த் 1959இல் எழுதிய கட்டுரையில் பிரித்துக் காட்டியதும் ஏறத்தாழ இதைத்தான்: ஒரு பக்கம் நான்-நீ-இப்போது என்று ஓடும் உரையாடல், மறுபக்கம் சொல்பவர் ஒதுங்கிக்கொள்ள நிகழ்ச்சிகள் தாமாக நடப்பதுபோல் வரும் வரலாறு.

> அப்படியானால் 'எடுத்துரைப்பு இறந்தகாலம்' என்றே வைக்கலாம் இல்லையா? எடுத்துரைப்பியல் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது.

பாரிசிலிருந்து அக்கா எழுதிய இந்த யோசனைதான் இழையில் வந்தவற்றில் வலுவானது. கதைக்கும் வரலாற்றுக்கும் சேர்த்துப் பொருந்துகிறது. தயக்கம் ஒன்றுதான், அதுவும் பெரிய தயக்கம். பயன்பாட்டை வைத்துப் பெயரிட்டால் பயன்பாடு மாறும்போது பெயர் பொய்யாகிவிடும். 17ஆம் நூற்றாண்டு நாடகங்களில் பாத்திரங்கள் இந்த வடிவத்தை வாயாரப் பேசுகிறார்கள். அங்கே எடுத்துரைப்பு இறந்தகாலம் என்று அடிக்குறிப்புப் போட்டால் இடிக்கும். இந்தப் பக்கம் வந்தால், ஆல்பெர் காமு 1942இல் வெளியிட்ட நாவலில், தமிழில் 'அந்நியன்' என்று நாம் படித்ததில், கதை முழுவதும் பெரும்பாலும் பாஸே கோம்போஸேயில்தான் எடுத்துரைக்கப்படுகிறது. அதுவே அந்த நாவலின் புதுமைகளில் ஒன்று. வடிவம் அப்படியே இருக்க, வேலை மட்டும் கைமாறிக்கொண்டே இருக்கிறது.

ஆகவே வடிவத்தை வைத்தே பெயரிடலாம் என்பது என் கட்சி. பிரெஞ்சுப் பெயரும் அதைத்தான் செய்கிறது. சேம்ப்ல் என்பது அங்கே எளிமையைக் குறிக்கவில்லை. துணைவினை சேராமல் வினை தானாக நிற்கிறது என்பதைக் குறிக்கிறது. கோம்போஸே என்றால் துணைவினையோடு கூடியது. இந்த இணைக்குத் தமிழில் சொல் தேடி அலைய வேண்டியதே இல்லை. ஏழாம் எட்டாம் வகுப்புக் கணக்கில் எல்லாரும் போட்டதுதான்: தனிவட்டி, கூட்டுவட்டி. இலக்கணத்திலும் தனிவினை, கூட்டுவினை இருக்கின்றன, தனிவாக்கியம் இருக்கிறது. எனவே:

பாஸே சேம்ப்ல் – தனி இறந்தகாலம்
பாஸே கோம்போஸே – கூட்டு இறந்தகாலம்

'ஒருசொல் இறந்தகாலம்' என்று வந்த யோசனையும் இதே திசைதான். ஆனால் செயப்பாட்டு வினையில் இதே காலம் இரண்டு சொல்லாக வருமே, அங்கே சிக்கும். 'தனி' சிக்காது. ஏம்பார்ஃபே என்ற இன்னொரு இறந்தகாலமும் துணைவினை இல்லாமல்தான் வருகிறது என்று யாராவது கேட்பீர்கள். உண்மைதான். அதற்கு 'நிறைவுறா இறந்தகாலம்' என்று போன மாதமே ஒத்துக்கொண்டோம். அதன் பெயர் வேறு இயல்பிலிருந்து வருகிறது, மோதல் இல்லை.

சரி, பெயர் பொருந்துகிறதா என்று ஒரு வினையை எடுத்து நடத்திப் பார்ப்போம். பேசு என்று பொருள்படும் பார்லே, ஒழுங்கான முதல் வகை:

நான் – பார்லே
நீ – பார்லா
அவன், அவள் – பார்லா
நாங்கள் – பார்லாம்
நீங்கள் – பார்லாத்
அவர்கள் – பார்லேர்

('பார்லாம்' வகுப்பில் சிரிப்பை வரவழைக்கும், மறக்கவும் மறக்காது. இரண்டாம் வகையை விட்டு மூன்றாம் வகைக்குப் போனால் 'விற்றேன்' என்பது 'வாந்தி' என்று வந்து நிற்கும். எச்சரித்துவிட்டேன்.)

நன்னூல் படித்தவருக்கு இதைப் பகுதி, இடைநிலை, விகுதி என்று பிரித்துக் காட்டலாம் என்பது என் எண்ணம். பார்ல் பகுதி. நடுவில் வரும் ஆகாரத்தை இடைநிலை போலக் கொண்டால் மிச்சம் விகுதி. 'அவன்' வடிவத்துக்கு விகுதியே இல்லை, ஆகாரத்தோடு நின்றுவிடுகிறது. 'அவர்கள்' வடிவத்தில் அந்த ஆகாரம் ஏகாரமாகிறது. இரண்டாம் வகையில், முடி என்று பொருள்படும் ஃபினிர் போன்றவற்றில், ஆகாரத்தின் இடத்தில் இகரம்: ஃபினி, ஃபினி, ஃபினி, ஃபினிம், ஃபினித், ஃபினிர். இதில் முதல் மூன்றும் நிகழ்காலத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒன்று. முடிக்கிறானா முடித்தானா என்பதைப் பக்கத்து வாக்கியம்தான் சொல்லும்.

எழுத்தில் இரண்டு சிக்கல்கள் உண்டு. 'நான்' வடிவம், வினைப்பெயர், கூட்டு இறந்தகாலத்தில் வரும் எச்சம் மூன்றும் காதுக்கு ஒரே பார்லேதான். எழுத்து மட்டும் வேறு. கையேட்டில் ஒலியைத் தமிழில் கொடுக்கும்போது பக்கத்திலேயே பிரெஞ்சு எழுத்தும் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் மாணவர் பாடு திண்டாட்டம். அடுத்தது நாங்கள், நீங்கள் வடிவங்களின் தலையில் இருக்கும் கூரைக்குறி (^). 'நீங்கள்' வடிவத்தில் முன்பு ஒரு ஸகர ஒற்று இருந்தது. அது தேய்ந்துபோன இடத்தில் கூரை. 'நாங்கள்' வடிவத்துக்கு அப்படி எந்த இழப்பும் இல்லை, பக்கத்து வீட்டைப் பார்த்துத் தானும் போட்டுக்கொண்டது.

பொருள் விளக்கத்திலும் ஒரு திருத்தம் வேண்டும். கையேட்டின் வரைவில், தனி இறந்தகாலம் 'திடீரென நடந்த சிறு செயலைக் குறிக்கும்' என்று இருக்கிறது. பல வழிகாட்டிகளிலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள், ஆனால் சரியில்லை. பதினான்காம் லூயி 1643 முதல் 1715 வரை 72 ஆண்டுகள் ஆண்டான். 'ஆண்டான்' என்பதற்கு அங்கே தாராளமாக 'ரென்யா' என்று தனி இறந்தகாலமே வரும். நீளம் பொருட்டல்ல, தொடக்கமும் முடிவும் சேர்த்து வெளியிலிருந்து முழுசாகப் பார்ப்பதுதான் பொருட்டு. அதே ஆட்சியின் நடுவே நின்று, அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்று சொல்ல வந்தால் நிறைவுறா இறந்தகாலம். கதையில் 'ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தான்' என்பது நிறைவுறா இறந்தகாலம், 'ஒரு நாள் வேட்டைக்குப் புறப்பட்டான்' என்பது தனி இறந்தகாலம். தமிழில் இரண்டுக்கும் ஒரே வடிவம் என்பதால் இந்த இடத்தில் எடுத்துக்காட்டுகள் கூடுதலாக வேண்டும். அக்கா இரண்டு மூன்று எழுதித் தந்தால் நல்லது.

எடுத்துரைப்பு என்ற சொல்லை வீணாக்க வேண்டாம். விளக்கத்தின் முதல் வரியில் வைத்துவிடலாம்: 'தனி இறந்தகாலம்: துணைவினை சேராத இறந்தகால வடிவம். இன்று பெரும்பாலும் எழுத்திலான எடுத்துரைப்பில் வருவது.'

மீதி இருப்பது பாஸே ஆந்தேரியர். துணைவினையே தனி இறந்தகாலத்தில் நிற்க, அதன்பின் எச்சம் வரும். 'அவன் பேசி முடித்ததும்' என்பதுபோல் இன்னொரு செயலுக்கு முன்னால் ஓட்டிக்கொண்டு வருவது. 'முன் இறந்தகாலம்' என்று வைத்தால், 'பேசியிருந்தான்' வகைக்கு நாம் வைத்திருக்கும் 'முந்தை இறந்தகாலம்' என்பதோடு குழம்பும். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.

அன்புடன்.