எல்லாம் தெரிஞ்சவங்களே ஃபிஷிங் மெயில்ல (ஏமாத்தி பாஸ்வேர்ட் பறிக்கற போலி மெயில்) மாட்டறாங்களே, ஏன்?

மழைக்குருவி:
எங்க ஆஃபீஸ்ல ஆன்டிவைரஸ், ஃபயர்வால் எல்லாம் இருக்கு, வருஷா வருஷம் ட்ரெய்னிங்கும் நடக்குது. அப்படியும் அக்கவுன்ட்ஸ்ல இருக்கற ஒரு அக்கா, "உங்க மெயில்பாக்ஸ் இன்னிக்கு சாயங்காலத்தோட முடக்கப்படும்"னு வந்த மெயில்ல லிங்க்க தட்டி பாஸ்வேர்ட போட்டுட்டாங்க. பில்லுல ஒரு புள்ளி தப்பா இருந்தாலும் கண்டுபிடிக்கிற ஆளு. மாசக் கடைசி வேற, வேல தலைக்கு மேல. மேனேஜர் எல்லார் முன்னாடியும் திட்டித் தீத்துட்டார், பாக்கவே சங்கடமா இருந்துச்சு. பாஸ்வேர்ட மாத்தியாச்சு. இவங்களே எப்படி மாட்டினாங்க, இன்னும் என்ன செய்யணும்?

சாவிக்கொத்து:
முதல்ல திட்டறத நிறுத்தச் சொல்லுங்க. பாத்துட்டு இருந்த மத்தவங்க அடுத்த தடவ எதையாவது தட்டிட்டா வாயே தொறக்க மாட்டாங்க, உடனே சொன்னா தடுத்திருக்கக்கூடிய விஷயம் ரெண்டு நாள் மூடிக் கிடக்கும்.
தெரியாம மாட்டறதில்லங்க. அவசரம், பயம், மேலிடத்துப் பேரு, ஆர்வம் இதெல்லாம் சேந்து யோசிக்கற நேரத்த பறிச்சிடுது. 2011ல ஆர்எஸ்ஏன்னு லாகின் பாதுகாப்பு டோக்கன் விக்கிற கம்பெனிக்குள்ளயே "2011 ரெக்ரூட்மென்ட் ப்ளான்"னு ஒரு எக்செல் ஃபைல் வழியாத்தான் நுழைஞ்சாங்க. மெயில் ஜங்க் ஃபோல்டருக்கு சரியாத்தான் போச்சு, ஒரு ஊழியர் அங்கருந்து எடுத்து தொறந்தார். 2000 மே மாசம் பரவின ஐலவ்யூ வைரஸ் வந்தது தெரிஞ்சவங்க அட்ரஸ்ல இருந்து, அதனால சந்தேகமே வரல.

கடலோரக்காத்து:
திட்டக்கூடாதுங்கறத ஒத்துக்கறேன், ஆனா "மனுஷன்னா அப்படித்தான்"னு அதோட விட்டுடாதீங்க, கண்ண நம்பாத மாதிரி ஏற்பாட்ட மாத்தணும். சைட் அட்ரஸ்ல ஆங்கில ஆர், என் ரெண்டு எழுத்தும் ஒட்டி வந்தா எம் மாதிரியே தெரியும், சோர்ந்துபோன கண்ணுக்கு எங்க புரியப்போகுது? பாஸ்வேர்ட சேமிச்சு வெச்சு தானா நிரப்பற பாஸ்வேர்ட் மேனேஜருக்கு அந்தக் குழப்பமே கிடையாது, டொமைன், அதாவது சைட் அட்ரஸ், வேறன்னா நிரப்பாது. அது நிரப்பலன்னா கையால டைப் பண்ணாம அங்கேயே நின்னுடணும்.
ஓடிபி இருந்தா போதும்னும் நெனைக்காதீங்க. போலி பக்கம் ஓடிபியையும் வாங்கி அந்த நொடியே நிஜ சைட்ல போட்டுடும். 2022ல ஊபர்ல நடந்த ஹேக்ல ஒரு கான்ட்ராக்டருக்கு லாகின அப்ரூவ் பண்ணச் சொல்லி திரும்பத் திரும்ப மெசேஜ் வந்துட்டே இருந்துச்சு, கடைசில ஒரு தடவ ஒத்துக்கிட்டார். பாஸ்கீ (பாஸ்வேர்டுக்கு பதிலா வர்ற டிஜிட்டல் சாவி), இல்ல யூஎஸ்பி செக்யூரிட்டி கீ போடுங்க, அது நிஜ டொமைன்ல மட்டும்தான் வேலை செய்யும், போலி பக்கத்துக்கு குடுக்க அந்த அக்காகிட்ட ஒண்ணுமே இருக்காது.

இரவுநேரஅட்மின்:
பாஸ்வேர்ட் மாத்தினது மட்டும் பத்தாது. எல்லா டிவைஸ்லருந்தும் சைன் அவுட் குடுங்க, ஏன்னா ஏற்கனவே உள்ள போனவன் செஷன், அதாவது அவன் பண்ணின லாகின், இன்னும் உயிரோட இருக்கலாம். ரெகவரி நம்பர், கனெக்ட் ஆன ஆப் எல்லாம் பாருங்க, அதே பாஸ்வேர்ட் வேற எங்க இருக்கோ அங்கயும் மாத்துங்க. ரொம்ப முக்கியமா மெயில் ரூல்ஸ (வர்ற மெயில தானா வேற ஃபோல்டருக்கு நகத்தற செட்டிங்) தொறந்து பாருங்க. அக்கவுன்ட்ஸ் ஆளோட மெயில்னா இவனுங்க நோக்கம் பணம்தான், "எங்க பேங்க் அக்கவுன்ட் மாறிடுச்சு"ன்னு கஸ்டமருக்கு இங்கருந்தே மெயில் போட்டுட்டு, வர்ற பதில் கண்ணுல படாத மாதிரி ஒளிச்சு வைப்பானுங்க.

மழைக்குருவி:
இருக்குங்க! "பேமென்ட்"னு வர்ற மெயிலெல்லாம் மெயில்பாக்ஸ்ல யாரும் எட்டிப் பாக்காத ஆர்எஸ்எஸ் (நியூஸ் ஃபீட்) ஃபோல்டருக்கு போற மாதிரி ஒரு ரூல். அந்த அக்கா போட்டதில்லயாம். அழிச்சிடவா?

இரவுநேரஅட்மின்:
பொறுங்க, மொதல்ல ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஐடி டீம்கிட்ட குடுங்க, எப்ப உருவாச்சு, எங்கருந்து லாகின் ஆனான்னு லாக்ல (சர்வர் பதிவுல) தேடுவாங்க, அப்புறம் அழிக்கலாம். அதுக்குள்ள அந்த ஃபோல்டர்ல இருக்கற ஒவ்வொரு கஸ்டமருக்கும் ஃபோன் பண்ணுங்க. மெயில்ல இருக்கற நம்பருக்கு இல்ல, உங்க பழைய ரெக்கார்ட்ல இருக்கற நம்பருக்கு.