மெயிலின் வயதை வைத்துத் தானாகச் சேரும் ஃபோல்டர்: உங்களுக்கு என்ன நடந்தது?

கரூர்க் கணக்கு:
ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கு வேலை. தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் 'ஏஜ் இன் டேஸ்' (மெயிலின் வயது, நாள் கணக்கில்) 90-க்கு மேல் என்று ஒரு சேவ்டு சர்ச் போட்டிருந்தேன், அதாவது நிபந்தனைக்குப் பொருந்தும் மெயில்களைத் தானே காட்டும் ஃபோல்டர். ஒரு சனிக்கிழமை மாலை அதைத் திறந்து மொத்தத்தையும் செலக்ட் செய்து டெலீட் அழுத்திவிட்டேன், அங்கே இருப்பது வெறும் பட்டியல், அசல் மெயில் இன்பாக்ஸில் பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கையில். இடதுபக்கம் 6,400 என்று இருந்த இன்பாக்ஸ் எண்ணிக்கை கண்ணெதிரே இறங்கி இறங்கி 1,900-ல் வந்து நின்றது. அந்த எண் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. ஐமேப் கணக்கு, அதாவது கம்ப்யூட்டரிலும் போனிலும் காட்டுவது சர்வரில் உள்ள ஒரே மெயில்பெட்டி என்பதால் போனிலும் இல்லை. பதற்றத்தில் மூடித் திறந்தேன், மூடும்போது ட்ராஷைக் காலி செய்யும்படி நானே எப்போதோ டிக் போட்டு வைத்திருந்தேன். அதோடு எல்லாம் போனது.

மழைவாசல்:
எனக்கு இதற்கு நேர் எதிர். அவுட்லுக்கில் பழைய மெயிலுக்கான சர்ச் ஃபோல்டர் வேண்டாம் என்றான பிறகும், அதை அழித்தால் உள்ளே உள்ளதும் போய்விடுமோ என்று எட்டு மாதம் தொடவே இல்லை. ஃபோல்டரை அழித்தால் தேடல் மட்டும்தான் போகும், மெயில் அதனதன் இடத்தில் இருக்கும். உள்ளே போய் மெயிலை அழித்தால்தான் அசலே போகும். கரூர் நண்பர் அவசரப்பட்டார் என்று நான் சொல்லமாட்டேன், 'ஃபோல்டர்' என்ற பெயரைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அணில்குஞ்சு:
நான் அழிக்கப் பயன்படுத்தவில்லை. 7 நாளைத் தாண்டியும் பதில் போடாத மெயில்கள் மட்டும் வருகிற மாதிரி வைத்திருந்தேன். ஒரு காலை எட்டு மணிக்குப் பார்க்கிறேன், அன்று புதிதாக ஒரு மெயிலும் வரவில்லை, ஆனால் அந்த ஃபோல்டரில் ஒன்று கூடியிருக்கிறது. கிடந்து கிடந்தே வயதாகி உள்ளே வந்த மெயில். பழைய அலுவலகத்தில் என்னோடு இருந்த ஒரு தங்கை, புது வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டிருந்தாள். கடைசித் தேதி முந்தைய நாள். போன் செய்தேன், "பரவாயில்லை அக்கா, வேறு ஒருவரிடம் வாங்கிவிட்டேன்" என்றாள். அன்றைக்கே 7-ஐ 2 ஆக மாற்றினேன்.

தனிவழி:
கரூர் நண்பரே, மழைவாசல் சொல்வதை நான் ஏற்கவில்லை, பெயரில் தப்பில்லை, 90 என்ற எண்தான் தப்பு. ஜிஎஸ்டி கணக்குகளை அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கணக்கு அலுவலக மெயிலுக்கு வயதை மட்டும் அளவாக வைப்பது எப்படிச் சரியாகும்? வயதோடு இன்னும் இரண்டு நிபந்தனை சேருங்கள்: ஸ்டார் போடாதது, அட்டாச்மென்ட் இல்லாதது. அதில் சிக்குவதையும் நேராக அழிக்காமல் ஒரு ஆர்க்கைவ் ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு ஒரு மாதம் விடுங்கள். ட்ராஷ் டிக்கை இன்றே எடுங்கள். ஜிமெயிலுக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால், அங்கே ஒரு வருடத்துக்கு மேலான மெயில்களைத் தேடிப் பிடிக்கலாம், ஆனால் அதையே தானாக லேபிள் ஒட்டும் ஃபில்டராக வைத்தால் பயனில்லை. ஃபில்டர் மெயில் வந்து சேரும்போதுதான் ஓடும், அப்போது அதன் வயது பூஜ்யம். இது புரியாமல் நான் நாலு மாதம் அந்த லேபிளில் ஒன்றும் விழவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே அழித்தது ட்ராஷில் 30 நாள் இருக்கும், அது ஒரு நிம்மதி.

கரூர்க் கணக்கு:
72 மாதம் எனக்கும் தெரியும் சார், பில்கள் எல்லாம் பிரிண்ட் எடுத்து ஃபைலில் இருக்கின்றன. போனது கடிதப் போக்குவரத்து. எந்த விலைக்கு எந்தத் தேதியில் ஒப்புக்கொண்டோம் என்பதெல்லாம் அதில்தான் இருந்தது. திங்கள்கிழமை ஒவ்வொரு வாடிக்கையாளரையும் அழைத்து, அவர்கள் சென்ட் ஃபோல்டரில் இருப்பதைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்டேன். பதினொரு பேர் அனுப்பினார்கள். இருவர் இன்னும் அனுப்பவில்லை.